கேட்டுவிட்டு அனுப்பு

அன்புள்ள சாமி,

வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என் "பாக்கலாம்" எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் முகம் சுண்டியிருப்பாய். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து நியாயம் சொல்வாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிடுவேன், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன் அப்பா கல்யாணச் சமையல்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார். ஜெனரேட்டர் ஆபீசில் நான் மட்டும்தான். போன் அடித்தால் எடுத்துப் பேசிவிட்டு வந்து எழுதுவேன். பேச்சு முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதை ஒருமுறை நானே எழுதிப் பார்க்கிறேன். "அம்மா, நம்ம கோழிப்பண்ணைக்காரங்க நம்பரெல்லாம் ஒரே ஃபைலாப் போட்டு அனுப்பி உடுங்க. கல்யாணப் பத்திரிகைக்கு அடியில நம்ம சோலார் ஆஃபரையும் போட்டு ஒரே மெசேஜா எல்லாத்துக்கும் தட்டி உட்டர்லாம்" என்றாய். சூரமங்கலத்தில் கடைக்கு வாடகை பேசி, போர்டு எழுதி, கூரைக்குச் சோலார் பலகை பொருத்தும் தொழிலை நீயாகத் தொடங்கியிருக்கிறாய். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து சொந்தக் காலில் நிற்கிறாய். எனக்கு அதில் உள்ள பெருமையை இந்தக் காகிதத்தில் எழுதினால் நீ கூச்சப்படுவாய். பிள்ளை தொழில் தொடங்கும்போது கேட்கிற முதல் உதவியை மறுப்பதற்கு எந்தத் தாய்க்கும் மனசு வராது. ஆனாலும் அந்த ஃபைலை நான் அனுப்பப் போவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நம் ஆபீஸ் நம்பர் மாறியது உனக்குத் தெரியும். நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. "ஏம்மா நம்பர் மாத்திட்டீங்க?" என்று நீ கேட்டபோது, "பழசு சரிப்படல" என்று சொல்லி விட்டுவிட்டேன். புது ஊரில் புது வேலையில் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு வருத்தம் என்று நினைத்தேன். இப்போது நீயும் அதே வழியில் காலை வைக்கப் போகிறாய். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அந்த வருஷம் தை மாதம் கோழிப்பண்ணைக் கண்காட்சிக்கு அப்பா போனார் அல்லவா, அங்கே ஒருவர் அவருக்கு ஒரு செயலியைக் காட்டியிருக்கிறார். போனில் அதை ஏற்றிவிட்டால் போதும், நம் சாதாரண சிம்மிலிருந்தே எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் வரிசையாக எஸ்.எம்.எஸ். போய்க்கொண்டே இருக்கும். அப்பா வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. "ஏம்புள்ள, ஒரு தட்டு தட்டுனா ஊருக்கே போயிருமாமா" என்றார். ஜெனரேட்டர் பழுது பார்க்கிற ஆளுக்கு விளம்பரம் செய்ய ஒரு வழி கிடைத்த சந்தோஷம். நம் வாடிக்கையாளர் நம்பர்களோடு, தீவன ஏஜெண்ட் ஒருவர் கொடுத்த நம்பர்களையும் தடுப்பூசி போடுகிறவர் கொடுத்த நம்பர்களையும் சேர்த்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் முதல் சர்வீஸ் இலவசம்", "ஆயில் மாற்றினால் ஃபில்டர் இலவசம்" என்று வாரத்தில் பல நாள் போயிற்று. அடியில் நம் பெயர்கூட இல்லை. நம்பரைப் பார்த்தாலே தெரியாதா என்றார் அப்பா. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் எனக்குப் போன் செய்தார்கள். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு தையல்காரர் பேசினார். அவருடைய நம்பர் தீவன ஏஜெண்டிடம் எப்படிப் போயிற்று என்பது அந்த ஏஜெண்டுக்கே தெரியாது. "ஏம்மா, என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு தையல் மிஷினு. அதையும் நான் காலாலதான் மிதிக்கிறேன். எனக்கு எதுக்கும்மா ஜெனரேட்டரு?" என்று அமைதியாகக் கேட்டார். நான் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டேன், அப்பாவிடமும் சொன்னேன். அப்பா அந்த நம்பரைத் தேடினார், கிடைக்கவில்லை, மறந்துவிட்டார். அடுத்த வாரம் தையல்காரருக்கு மறுபடியும் ஃபில்டர் இலவசம் என்று போயிற்று. இந்த முறை அவர் போன் செய்யவில்லை. அதை நாங்கள் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டோம்.

இடையில் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து அந்த நம்பருக்கே எச்சரிக்கை வந்திருக்கிறது. பதிவு செய்யாத எண்ணிலிருந்து வியாபாரச் செய்தி அனுப்புவதாகப் புகார்கள் வந்திருக்கின்றன, தொடர்ந்தால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று. அப்பா அதைப் பார்த்திருக்கிறார். அதுவும் ஏதோ விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார். இதை எழுதும்போது சிரிப்பும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

சித்திரை வெயில். அன்று காலையிலிருந்து ஆபீஸ் போன் அடிக்கவே இல்லை. வெயில் காலத்தில் அப்படி இருக்காது. கரண்ட் போகும், ஜெனரேட்டர் ஓடும், ஓடுகிற ஜெனரேட்டர் எங்கேயாவது மக்கர் செய்யும், போன் அடித்துக்கொண்டே இருக்கும். பரவாயில்லை, இன்றைக்குக் கரண்ட் ஒழுங்காக இருக்கிறது போல என்று நினைத்து, அலமாரியில் இருந்த உதிரிபாகங்களைத் துடைத்து அடுக்கினேன். நடுவில் போனை எடுத்துப் பார்த்தேன், சிக்னல் கோடு இல்லை. டவரில் ஏதோ கோளாறு, வந்துவிடும் என்று வைத்துவிட்டேன்.

உச்சி வெயிலில் ஒரு பைக் வந்து வாசலில் சாய்ந்தது. ஆட்டையாம்பட்டிப் பக்கம் பண்ணை வைத்திருக்கிற சரஸக்காவின் மருமகன் முருகேசன். சரஸக்கா உனக்கும் தெரிந்தவர்தான். வீட்டுக்காரர் போன பிறகு தனியாளாகப் பண்ணையை நடத்துகிறவர், உனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது வீடு தேடி வந்து சட்டை எடுத்துக் கொடுத்தவர். முருகேசன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "அக்கா, போனே போகலீங்க்கா. அடிச்சு அடிச்சுப் பாத்துப்போட்டுத்தான் வண்டிய எடுத்துட்டு வந்தேன். கரண்டு இல்ல, ஜெனரேட்டரும் நின்னு போச்சு. புதுக் கொட்டாயில கோழி சுருண்டு உழுகுதுங்க்கா" என்றான்.

அந்தப் புதுக் கொட்டகையை நீ பார்த்ததில்லை. பழைய கொட்டகைபோல இரண்டு பக்கமும் வலையடித்துத் திறந்திருக்காது. எல்லாப் பக்கமும் அடைத்து, பெரிய மின்விசிறிகள் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். விசிறி ஓடுகிற வரைக்கும் உள்ளே மார்கழி மாதிரி இருக்கும். விசிறி நின்றால், சித்திரை வெயிலில், அது அடுப்பு. கோழிகளுக்கு அதிக நேரம் கிடையாது.

மெக்கானிக் செல்வத்தை ஏற்றிக்கொண்டு நானே வண்டியில் கிளம்பினேன். அப்பா அப்போது ராசிபுரம் பக்கம் ஒரு பண்ணையில் இருந்தார். என் சொந்த போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவருடைய நம்பரை நாம் யாருக்கும் கொடுப்பதில்லை, என்ஜினுக்குள் கை இருக்கும்போது எடுக்க முடியாது என்பதால். பண்ணைக்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஆபீஸ் நம்பர் ஒன்றுதான். அது ஒன்று போதும் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்ததும் நாம்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் வந்து அடைப்புத் தகட்டை அரிவாளால் வெட்டித் திறந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கூரை மேலும் உள்ளேயும் அடித்துக்கொண்டிருந்தார்கள். சரஸக்கா உள்ளே போய்ப் போய்க் கோழிகளை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்து வேப்பமர நிழலில் விட்டுக்கொண்டிருந்தார். அலகைத் திறந்துகொண்டு மூச்சு வாங்குகிற கோழிகளின் சத்தம் ஒரு மாதிரி இரைச்சலாகக் கேட்கும், அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. செல்வம் ஜெனரேட்டரிடம் ஓடினான். டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, காற்றை வெளியேற்றித் திருகை முடுக்கினான். என்ஜின் பிடித்துக்கொண்டது.

அந்தத் திருகை எப்படித் தளர்த்துவது என்று நான் எத்தனை பேருக்குப் போனிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன் தெரியுமா, சாமி? "பதட்டப்படாதீங்க, ஃபில்டருக்குப் பக்கத்துல ஒரு திருகு இருக்கும் பாருங்க" என்று தொடங்கி, என்ஜின் ஓடுகிற சத்தம் காதில் கேட்கிற வரைக்கும் லைனில் இருப்பேன். முருகேசன் முதல்முறை அடித்தபோது நம் போன் உயிரோடு இருந்திருந்தால் அவன் பைக்கை எடுத்திருக்க வேண்டாம். அந்தக் கொட்டகையில் பாதிக்கு மேல் போயிற்று. சாயங்காலம் அப்பாவும் ஆட்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்துக் குழி வெட்டினார். சரஸக்கா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக் கொடுத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் நானும் அப்பாவும் சேலத்துக்குப் போய்த் தொலைபேசி நிறுவனத்தின் அலுவலகத்தில் விசாரித்தோம். மேசையில் இருந்த பெண் நம் நம்பரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வியாபாரச் செய்தி அனுப்ப வேண்டும் என்றால் முதலில் நிறுவனத்தைப் பதிவு செய்ய வேண்டும், நம் பெயரைக் காட்டும் தலைப்பு ஒன்றை வாங்க வேண்டும், அனுப்பப் போகிற வாசகத்தை முன்கூட்டியே பதிந்து ஒப்புதல் பெற வேண்டும், பெறுகிறவரின் சம்மதம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்பா விடவில்லை. "எங்க கஸ்டமருங்கதானுங்களே? இத்தன வருசப் பழக்கமுங்க" என்றார். அந்தப் பெண், "சர்வீஸ் வண்டி கிளம்பிடுச்சுன்னு சொன்னா அது அவங்க கேட்ட வேலைக்கான தகவல் சார். ஆஃபர்னு சொன்னா அது விளம்பரம். கஸ்டமரா இருக்கிறதும் விளம்பரம் அனுப்புங்கன்னு சொன்னதும் ஒண்ணு இல்லை சார். அதுலயும் சில பேரு தொந்தரவு வேண்டாம்னு பதிஞ்சு வச்சிருக்காங்க. அவங்கதான் புகார் கொடுத்திருக்காங்க" என்றார். பழைய நம்பர் திரும்பக் கிடைக்கவில்லை. மனு கொடுத்துப் பார்த்தோம். கிடைக்கவில்லை.

 வரும் வழியில் ஆட்டையாம்பட்டி பிரியும் இடத்தில் அப்பா வண்டியைத் திருப்பினார். "எங்க போறீங்க?" என்றேன். "அக்காகிட்டச் சொல்லிப்போடலாம்" என்றார். உன் அப்பாவிடம் எனக்குப் பிடித்தது இதுதான். வேகத்தில் ஒரு வேலையைக் கெடுத்துவிட்டு வருவார். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய இடத்துக்குத் தானே போய் நிற்பார்.

சரஸக்கா வெட்டித் திறந்த தகடுகளுக்குப் பக்கத்தில் தீவன மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அப்பா நின்றுகொண்டே சொன்னார். "அக்கா, நேத்து நாங்க நெனச்சாப்ல டவர் கோளாறு இல்லீங்க. நான் எல்லாத்துக்கும் விளம்பர மெசேஜ் போட்டு உட்டேன். வேண்டாம்னவங்களுக்கும் போயிருக்குது. புகார் வந்து நம்பர நிறுத்திப்போட்டாங்க. அதனாலதான் உங்க போனு வரல. தப்பு எங்க மேலதானுங்க."

 அக்கா என்னைப் பார்த்து, "அந்தப் புகாருல ஒண்ணு என்னுது, அம்மணி" என்றார்.

 அக்காவே விவரமும் சொன்னார். "உங்க நம்பருக்குன்னு தனியா ஒரு மணி வச்சிருந்தேன். அந்தச் சத்தம் கேட்டா என்ன வேலயா இருந்தாலும் போட்டுப்போட்டு ஓடியாருவேன். வண்டி வருதோ, சாமான் வந்துருச்சோன்னு. கையில முட்ட அட்டையோட ஓடியாந்து பாத்தா ஃபில்டர் சும்மா தாரோம்னு இருக்குது. இந்தத் தம்பிகிட்டயே ரெண்டு தடவ சொன்னேன். சரிங்க்கான்னு தலையாட்டுனாப்ல. மறுக்காவும் வந்துச்சு. பேரும் இல்லாம வருதே, உங்க நம்பர வேற யாரோ திருடி அனுப்பறாங்களோன்னுகூட நெனச்சேன். அப்பறந்தான், மோசடி மெசேஜு வந்தாச் செய்யச் சொல்லி பேங்க்ல சொல்லிக் குடுத்தாப்ல, புகார் போட்டு உட்டேன். நம்பரயே புடுங்குவாங்கன்னு நான் கண்டனா?"

 கோழிகள் போனதற்கு அழாதவர் அப்போதுதான் அழுதார். தன் கையாலேயே தன் கொட்டகைக்குக் கேடு வரவழைத்துக்கொண்டதாக நினைத்துவிட்டார். அப்பா தீவன மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இல்லீங்க்கா. நீங்க செஞ்சது சரி. வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னவங்க மூணாவது தடவ வேற என்ன பண்ணுவாங்க? அந்தப் புகாரு எங்கிட்டயே வந்து நின்னிருக்கோணும். நான் காது குடுக்கல" என்றார்.  நஷ்டத்தைப் பற்றிப் பேச அப்பா வாயெடுத்தபோது அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். கிளம்பும்போது, "புது நம்பரக் குடு, அம்மணி" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு உயிர் வந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் உனக்குப் பயன்படும். புது நம்பரைச் சொல்ல வேண்டுமே. போனில் சொன்னால் யார் என்று தெரியாமல் வைத்துவிடுவார்கள், குறுஞ்செய்தி என்ற பேச்சே எடுக்க முடியாது. அதனால் அப்பாவும் நானும் பண்ணை பண்ணையாகப் போனோம். போன இடத்தில் எல்லாம் ஒரு கேள்வி கேட்டேன். "எங்ககிட்ட இருந்து உங்களுக்கு என்ன தகவல் வேணுமுங்க?" இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டதே இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ஒருவர், "மெக்கானிக் கெளம்பிட்டாருன்னா சொல்லுங்க, அது போதும்" என்றார். இன்னொருவர், "எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள பொழுது போயிருமுங்க, பேசிப்போடுங்க" என்றார். ஒரு பெரிய பண்ணைக்காரர் ஆச்சரியமாக, "ஆஃபர் இருந்தா அனுப்புங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார். அவர் ஒருவர்தான் அப்பாவின் விளம்பரங்களை விரும்பிப் படித்திருக்கிறார். அப்பாவுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கியது.

அவர்கள் சொன்னதை அவர்கள் முன்னாலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். பிறகு முறைப்படி நிறுவனத்தைப் பதிந்தோம். நம் பெயர் தெரிகிற தலைப்பு வாங்கினோம். வாசகம் இரண்டு முறை திரும்பி வந்தது, திருத்தித் திருத்தி அனுப்பினேன். அலுப்பாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு நம்மிடமிருந்து போகிற எந்தச் செய்தியிலும் நாம் யார் என்று இருக்கும், நம்மை எப்படிப் பிடிப்பது என்று இருக்கும், வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது என்று இருக்கும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே எடுத்துவிடுகிறேன். என் போனில் மட்டும் எடுத்தால் போதாது. அப்பா போன், செல்வம் போன், கணினி, எல்லாவற்றிலும் எடுக்க வேண்டும். அப்பா போனில் தேடி அகப்படாத தையல்காரர் நம்பர் கணினிப் பட்டியலில் இருந்தது, அவருக்கு மறுபடி போனது அப்படித்தான்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நம் பண்ணைக்காரர்கள் எனக்கு நம்பர் கொடுத்தது ஜெனரேட்டருக்காக. சோலாருக்காக இல்லை. நான் உன் அம்மா என்பது அவர்கள் கொடுத்த சம்மதத்தை உனக்கு மாற்றிக் கொடுக்கிற உறவு இல்லை. இப்போது தனிமனிதர் தகவலுக்கென்றே சட்டம் வந்திருக்கிறது, எதற்கு என்று சொல்லி வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் பயன்படுத்தலாம். எஸ்.எம்.எஸ். வேண்டாம், வாட்ஸப்பில் போடுகிறேன் என்று நீ சொல்வாய். பெறுகிறவரின் எரிச்சல் எந்த வழியில் வந்தாலும் ஒன்றுதான். அங்கேயும் நாலு பேர் புகார் பொத்தானை அழுத்தினால் உன் கணக்கு போய்விடும். உன் சார்பில் அனுப்ப ஏஜென்சி வைத்திருக்கிறேன் என்பாய். பெயர் உன்னுடையது என்றால் பதில் சொல்ல வேண்டியவனும் நீதான். "அனுமதி தருகிறீர்களா" என்று கேட்டு எல்லோருக்கும் ஒரு செய்தி போடலாமே என்று தோன்றும். உன் கடையைப் பற்றித் தெரியாதவருக்கு அதுவும் விளம்பரம்தான், சாமி.

அப்புறம் அந்தக் கல்யாணப் பத்திரிகை. அதை வாசலில் ஒட்டினாலும் சட்டம் ஒன்றும் சொல்லாது. அதற்கு அடியில் "சோலார் பலகைக்குச் சிறப்புச் சலுகை" என்று ஒரு வரி சேர்த்தாயோ, அது வியாபாரச் செய்தி. சட்டத்தை விடு. யாழினியின் பெயருக்குக் கீழே விலைப்பட்டியலா? அந்தப் பெண் பார்த்தால் என்ன நினைப்பாள்? உன் மாமனார் பார்த்தால் என்ன நினைப்பார்? எனக்குச் சிரிப்பாகத்தான் வந்தது. ஆனால் அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கு நல்ல யோசனையாகப் பட்டுவிடுமோ என்று பயம்.

உனக்கு இதெல்லாம் புரியாத விஷயம் இல்லை. கல்யாணத் தரகர் யாழினியின் நம்பரை உனக்கு வாட்ஸப்பில் அனுப்பியது நினைவிருக்கிறதா? "பேசிப் பாருங்க தம்பி, இந்தக் காலத்துல எல்லாரும் பேசறாங்க" என்றார். ஒரு வாரம் அந்த நம்பரை வைத்துக்கொண்டு நீ சும்மா இருந்தாய். நான்கூட, பிடிக்கவில்லையோ என்று கவலைப்பட்டுக் கேட்டேன். "புடிச்சிருக்குதுங்கம்மா. ஆனா நம்பர அந்தப் புள்ள குடுக்கலையே, தரகருதானே குடுத்தாரு" என்றாய். அவளுடைய அண்ணனிடம் சொல்லிக் கேட்கச் சொன்னாய். அவளே உனக்கு முதலில் செய்தி அனுப்பினாள். அந்த ஒரு வாரத்தை யாழினி என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத பெண்ணிடம் அவ்வளவு பதவிசாக நடந்துகொண்டவன், முன்பின் தெரியாத பண்ணைக்காரரிடம் ஏன் அப்படி நடக்கக் கூடாது? தீவன ஏஜெண்ட் கொடுத்த நம்பரும் தரகர் கொடுத்த நம்பர்தான்.

"எல்லாரும் அனுப்பறாங்கம்மா" என்றாய். அனுப்புகிறார்கள். என் போனிலும் நாள் முழுக்க வருகிறது. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, பல் கட்ட வேண்டுமா என்று. யார் என்ன விற்றார்கள் என்று ஒன்றுகூட என் நினைவில் இல்லை. உன் கடையை ஜனங்கள் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகக் கழித்துவிடக் கூடாது என்றுதான் இத்தனையும் எழுதுகிறேன். குறைவான பேருக்கு அனுப்பு. கேட்டவர்களுக்கு அனுப்பு. கடைக்கு வருகிறவர்களிடம் நேராகக் கேள், சரி என்றால் எதற்குச் சரி என்றார்கள் என்று எழுதி வைத்துக்கொள். மெதுவாகத்தான் பெருகும். பெருகட்டும். உனக்கு வயசு இருக்கிறது.

ஃபைல் அனுப்ப மாட்டேன் என்றேனே தவிர, கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. பத்திரிகை வைக்கப் போகிற ஒவ்வொரு வீட்டிலும், வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்துப் பேசிவிட்டு, கிளம்புகிற நேரத்தில் தனியாகக் கேட்கிறேன். "பையன் சூரமங்கலத்துல சோலார் கடை போட்டிருக்கறானுங்க. அவன் உங்களுக்குத் தகவல் அனுப்பலாமுங்களா?" சரி என்றவர்களிடம், "அப்படீன்னா நீங்களே அவன் நம்பருக்கு ஒரு வார்த்தை போட்டுடுங்க" என்று உன் நம்பரைக் கொடுத்துவிட்டு வருகிறேன். இந்நேரம் உனக்குச் சிலர் பேசியிருப்பார்கள். அவர்கள்தான் உன் முதல் வாடிக்கையாளர்கள். நன்றாகப் பார்த்துக்கொள்.

நேற்று சரஸக்கா வீட்டுக்குப் போனோம். அவரிடம் கேட்கலாமா வேண்டாமா என்று வழியெல்லாம் எனக்கு யோசனை. அப்பா, "நீ கேக்க வேண்டாம்புள்ள, நம்ம மொகத்துக்காகச் சரின்னுருவாங்க" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். கேட்காமலே விட்டாலும் மனசு உறுத்தும். பத்திரிகையைக் கொடுத்தோம், அக்கா மஞ்சள் தடவிய ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாழினியின் படத்தைப் பார்த்தார். பிறகு நான் கேட்டேன்.

"வேண்டாம், அம்மணி" என்றார் அக்கா, நான் முடிப்பதற்குள். "எனக்கு ஒரு நம்பரு வந்தாப் போதும், உங்க ஜெனரேட்டரு நம்பரு. வேற எதுவும் வேண்டாம். காப்பி ஆறுது பாரு, குடி."

குடித்தேன், சாமி. அந்தக் காப்பி எவ்வளவு ருசியாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வது? இரண்டு தடவை சொல்லியும் நாம் கேட்காமல் போனதால் அவ்வளவு இழந்த மனுஷி, நம் முகத்தைப் பார்த்து, ஒரு தயக்கமும் இல்லாமல், ஒரு காரணமும் சொல்லாமல் வேண்டாம் என்றார். சொன்னால் நாம் கேட்போம் என்று இப்போது அவருக்குத் தெரிகிறது. அதைச் சம்பாதிக்க எங்களுக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலையே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீயும் யாழினியும் காலைத் தொட்டுக் கும்பிட்டு ஆசீர்வாதம் வாங்குங்கள். சாப்பிட்டாரா என்று நீயே பந்தியில் போய்ப் பார். சோலாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே.

பிரியத்துடன்,
அம்மா